முன்னிலை, பின்னடைவு, நடுவில் ஊர்!

2019 மே 23 இரவு. மற்ற தொகுதிகளில் பட்டாசு வெடித்து, லட்டு கொடுத்து, கூட்டமும் கலைந்துவிட்டது. சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்கு மட்டும் முடிவு வந்தபாடில்லை. விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல்.திருமாவளவன் பானை சின்னத்தில் நின்றார். அ.தி.மு.க-வின் சந்திரசேகர் இரட்டை இலையில் நின்றார். ஒரு சுற்றில் இவர் முன்னிலை, அடுத்த சுற்றில் அவர். 11 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளை எண்ணி முடித்தபோது, 3,219 வாக்கு வித்தியாசத்தில் திருமாவளவன் வென்றிருந்தார்.

தொகுதியின் பெயர்தான் சிதம்பரம். அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் அரியலூரும் ஜெயங்கொண்டமும் அரியலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. குன்னம், பெரம்பலூர் மாவட்டக் கணக்கில் வருகிறது. இந்த மண்ணில் இழுபறி புதிதல்ல. அரியலூர் சட்டமன்றத் தொகுதியில் 2016-ல் அ.தி.மு.க வென்ற வித்தியாசம் 2,043. 2021-ல் அதே தொகுதி கைமாறிய வித்தியாசம் 3,234. சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குள் வரும் காட்டுமன்னார்கோவிலில் 2016-ல் திருமாவளவன் தோற்றது வெறும் 87 வாக்குகளில்.

இப்படிப்பட்ட தேர்தல்களை ‘த்ரில்லர்’ என்று சொல்லி டி.வி-க்கள் கொண்டாடுகின்றன. பார்ப்பவருக்கு அது த்ரில்லராக இருக்கலாம். அந்த ஊரில் வாழ்பவருக்கு அப்படியல்ல.

அதே 2019-ல், வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று, அரியலூர் மாவட்டம் செந்துறை அருகே பொன்பரப்பியில் நடந்ததை மறக்க முடியாது. பானை சின்னத்தை வைத்துத் தொடங்கிய தகராறு, பட்டியலின மக்களின் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்குவதில் முடிந்தது. ஓடுகள் உடைந்தன, வாசலில் நின்ற வண்டிகள் நொறுங்கின. யார் முதலில் ஆரம்பித்தது என்பதற்கு இரு தரப்பும் வேறு வேறு கதைகள் சொன்னார்கள். உடைந்த வீடுகளைப் பற்றி இரண்டு கதைகள் இல்லை. அங்கே மறு வாக்குப்பதிவு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது, நடக்கவில்லை. செய்தியாளர்கள் வந்து சேருமுன்பே வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் மாவட்டம் மாவட்டமாகப் பறந்தன. ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொரு வர்ணனையோடு பறந்தது.

அந்தக் காயம் ஆறுவதற்குள், சரியாக ஐந்து வாரத்தில், எண்ணிக்கை நாள் வந்தது. எண்ணும் கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்குப் பொதுவாக 14 மேசைகள். மேசைக்கு ஓர் இயந்திரம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கட்சி முகவர்கள் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் அந்த ஒரு வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்று திரையில் ஓடும். முகவர் குறித்துக்கொள்வார். 14 மேசையும் முடிந்தால் ஒரு சுற்று.

இயந்திரங்கள் சாவடி எண் வரிசையில்தான் மேசைக்கு வருகின்றன. ஆகவே, ஒரு சுற்று என்பது பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்களின் கணக்கு. பானைக்கு வலுவான ஊர்கள் வரும் சுற்றில் பானை ஏறும். இலைக்கு வலுவான ஊர்கள் வரும் சுற்றில் இலை ஏறும். போதாததற்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஆறு வேகத்தில் நகர்கின்றன. மக்கள் மனம் அரை மணிக்கு ஒரு தரம் மாறுவதில்லை. அவர்கள் வாக்களித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாறுவது எண்ணும் வரிசை மட்டும்தான். இதை எந்தச் சேனலும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொல்வதில்லை. ‘அதிரடித் திருப்பம்’, ‘கடும் பின்னடைவு’ என்று சிவப்புப் பட்டையில் ஓடவிடுகிறார்கள். ஜெயித்துக்கொண்டிருந்தவரை இரவோடு இரவாகத் தோற்கடித்துவிட்டார்கள் என்ற சந்தேகம் முளைப்பது இந்தப் பட்டையிலிருந்துதான்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2000-ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், புளோரிடா மாகாணம் அல் கோருக்கு என்று பெரிய தொலைக்காட்சிகள் அறிவித்தன, பின்வாங்கின. நள்ளிரவுக்கு மேல் ஜார்ஜ் புஷ்ஷுக்கு என்றன, அதையும் பின்வாங்கின. கடைசியில் வித்தியாசம் 537 வாக்குகள். மறு எண்ணிக்கையைத் தடுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு டிசம்பர் 12-ல்தான் வந்தது. யாருக்கு வெற்றி என்று டி.வி ஏற்கெனவே சொல்லிவிட்டதால், சட்டப்படி மறு எண்ணிக்கை கேட்டவரே தகராறு செய்பவராகத் தெரிந்தார்.

நம் நீதிமன்றங்களும் வேகத்துக்குப் பெயர் போனவை அல்ல. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் 49 வாக்குகளில் தோற்ற தி.மு.க வேட்பாளர் அப்பாவு வழக்குப் போட்டார். தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. நியாயம் இப்படி ஆண்டுக்கணக்கில் இழுத்தால், முன்னிலைப் பட்டையையும் வாட்ஸ்அப் வதந்தியையும்தான் ஜனங்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேர் வாய் திறப்பதில்லை. பல கிராமங்களில் ஊர்த்தெருவுக்கு ஒரு சாவடி, காலனிக்கு ஒரு சாவடி. சாவடிவாரியாக எண்ணி, சாவடிவாரியாக வெளியிடும்போது, எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது அன்று மாலையே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. தனி மனிதனின் வாக்கு ரகசியம். தெருவின் வாக்கு தண்டோரா! சில ஆயிரம் வாக்குகளில் தோற்ற கட்சிக்காரன் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவது எதை? தன்னைக் ‘கவிழ்த்த’ தெருவை. சாக்கடையும் சாலையும் குடிநீரும் கேட்டு அந்தத் தெருக்காரர் நாளை அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

காகித வாக்குச்சீட்டுக் காலத்தில், பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதி இருந்தது. இயந்திரம் வந்ததும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. 14 இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே யோசனை சொன்னது. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எந்தச் சாவடியில் எவ்வளவு வாக்கு என்பது தெரிவது கட்சிகளுக்கு வசதியாக இருக்கிறது. அதை விடப் பல கட்சிகளுக்கு மனமில்லை.

இயந்திரத்தின் மீதே சந்தேகம் கிளம்பும் காலத்தில் டோட்டலைசர் விஷயத்தை இன்னும் இருட்டாக்காதா என்று கேட்கலாம். ஆக்காது. ஒவ்வொரு சாவடியிலும் மொத்தம் எத்தனை வாக்குகள் பதிவாயின என்ற 17சி படிவம் வாக்குப்பதிவு முடிந்ததுமே முகவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. 14 படிவங்களின் கூட்டுத்தொகையும் கருவி காட்டும் தொகையும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வழக்கு என்று வந்தால் தனித்தனியே எண்ணிக்கொள்ளவும் தடையில்லை.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். மத்திய அரசு டோட்டலைசருக்கு வழிவிட வேண்டும். அதில் தயங்கினால், வித்தியாசம் குறைந்த தொகுதிகளிலாவது, முடிவு வந்த பிறகு பதற்றமான கிராமங்களுக்கு முன்கூட்டியே போலீஸ் பாதுகாப்பு போட வேண்டும். தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. நீதிமன்றங்கள் அதை ஏட்டோடு விட்டுவிடக் கூடாது. சேனல்களும், பத்திரிகைகளாகிய நாங்களும், முன்னிலை என்று போடும்போதெல்லாம் இன்னும் எண்ண வேண்டியது எவ்வளவு என்பதைச் சேர்த்துப் போட வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் அறிவிக்கும்வரை யாரையும் ‘வென்றார்’ என்று எழுதக் கூடாது. இதனால் எந்தச் சேனலின் ரேட்டிங்காவது கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். பொன்பரப்பியில் உடைந்த ஓடுகளுக்கான விலையை எந்தச் சேனலும் கொடுக்கவில்லையே!