மறுபடியும் வீட்டுக்குள்ள பேய்... 'காஞ்சனா 4' நேரடித் தொடர்ச்சியா இருக்கணுமா? மதுரை முனி சொல்லும் பதில்!

ராத்திரி ஆனால் அம்மாவைத் துணைக்குக் கூப்பிடும் ஹீரோ. உடம்புக்குள் புகும் பேய். இடைவேளைக்குப் பிறகு கண்ணீர் பிளாஷ்பேக். கிளைமாக்ஸில் வில்லன் காலி. ராகவா லாரன்ஸின் பேய்ப்பட வரிசை 2007-ல் இருந்து இந்த ரூட்டில்தான் ஓடுகிறது. 'காஞ்சனா 4' அறிவிக்கப்பட்டுள்ள நிலையில் எழும் கேள்வி இதுதான்: மறுபடியும் ஒரு புதுப் பேயா? இல்லை, விட்ட இடத்தில் இருந்து கதையைத் தொடர வேண்டுமா?

இதுவரை வந்த பேய்கள் யார்?

2007-ல் வந்த 'முனி'யில் அரசியல்வாதியை நம்பி ஏமாந்து கொல்லப்பட்ட முனியாண்டியாக ராஜ்கிரண் வந்தார். 2011-ல் 'காஞ்சனா'. ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தைப் பறிகொடுத்து, உயிரையும் இழந்த திருநங்கையாக சரத்குமார் நடித்தார். 2015-ல் வந்த 'காஞ்சனா 2'-வில் மாற்றுத்திறனாளிப் பெண் கங்காவாக நித்யா மேனன். 2019-ல் 'காஞ்சனா 3'-ல் லாரன்ஸே காளி என்ற பேயாகவும் வந்தார்.

நான்கு படங்களுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. பேய் கெட்டது இல்லை. அது நியாயம் கிடைக்காமல் செத்துப்போன ஒரு மனுஷன் அல்லது மனுஷி.

அப்புறம் என்ன பிரச்சனை?

மூன்று 'காஞ்சனா' படங்களிலும் ஹீரோ பெயர் ராகவாதான். ஆனால் ஒவ்வொரு படத்திலும், வாழ்க்கையில் பேயே பார்க்காத ஆள் மாதிரி முதலில் இருந்து பயப்பட ஆரம்பிப்பார். முந்தைய படத்தில் நடந்தது எதுவும் யாருக்கும் நினைவில் இருக்காது. முதல் தடவை அது காமெடி. நாலாவது தடவை, அடுத்து எந்தக் கதவு திறக்கும் என்று பார்ப்பவருக்கே முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பயமும் போச்சு, சிரிப்பும் குறைஞ்சு போச்சு.

நேரடித் தொடர்ச்சி எடுத்தால் ஜெயித்துவிடுமா?

அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு லாரன்ஸே நடித்த 'சந்திரமுகி 2' சாட்சி. 2005-ல் ரஜினி நடித்த 'சந்திரமுகி'க்கு நேரடித் தொடர்ச்சியாக, அதே பி.வாசு இயக்கத்தில், அதே முருகேசனாக வடிவேலுவுடன் 2023 செப்டம்பரில் வந்தது. அரண்மனையும் பெயரும் திரும்பி வந்தன. ஆனால் முதல் படத்தின் உயிர்நாடியே மாறிவிட்டது. அதில் கங்காவுக்கு இருந்தது மனநோய். டாக்டர் சரவணன் அதைக் கண்டுபிடித்ததுதான் கதை. இரண்டாவது படத்தில் பேய் நிஜமாகவே வந்துவிட்டது. தொடர்ச்சி என்ற பெயரில் முதல் படம் சொன்னதையே அழித்துவிட்டார்கள்.

மறுபக்கம் சுந்தர்.சி-யின் 'அரண்மனை'. நான்கு பாகங்களுக்கும் கதையில் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் 2024 மே மாதம் வந்த 'அரண்மனை 4' வசூலில் ஜெயித்தது. ஆக, தொடர்ச்சி இருந்தாலும் தோற்கலாம், இல்லாமலும் ஜெயிக்கலாம்.

ஜப்பான் என்ன செய்தது?

1954-ல் பிறந்த காட்ஸில்லாவுக்கும் இதே நிலைமை வந்தது. அணுகுண்டின் பயமாக வந்த மிருகம், போகப் போக குழந்தைகளின் ஹீரோ ஆகிவிட்டது. 1984-ல் டோஹோ நிறுவனம் நடுவில் வந்த எல்லாப் படங்களையும் ஓரம் கட்டிவிட்டு, 1954 படத்துக்கு நேரடித் தொடர்ச்சி எடுத்தது. 2023-ல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' தொடர்ச்சியே இல்லாத புதுக்கதை. ஆனால் போரில் தோற்ற ஜப்பானின் வலியைக் கையில் எடுத்தது. சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரும் வாங்கியது. வழி வேறு வேறு. இரண்டும் திரும்பிப் போனது அந்த முதல் பயத்துக்குத்தான்.

மதுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முனி என்றால் மதுரைப் பக்கம் பேய் இல்லை, காவல் சாமி. மாட்டுத்தாவணி பக்கம் பாண்டி முனீஸ்வரர் கோயிலுக்கு நேர்த்திக்கடனோடு வருபவர்கள் ஏராளம். திருமங்கலம் அருகே வடக்கம்பட்டியில் முனியாண்டிக்கு ஆண்டுதோறும் பிரியாணி படைத்து ஊருக்கே பந்தி வைக்கிறார்கள். முனியாண்டி விலாஸ் ஓட்டல்களின் பெயர் அந்தச் சாமியுடையதுதான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் சன்னதி கொண்ட மதுரை வீரன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்து தெய்வமானதாகக் கதை.

அநியாயமாகச் செத்தவர் சாமியாகி நியாயம் கேட்பது இந்த மண்ணுக்குப் பழகிய கதை. 'முனி' வரிசை நின்றதும் அந்த அஸ்திவாரத்தில்தான். இங்கே யாரும் சாமிக்கு பார்ட் 2 கேட்பதில்லை. ஆனால் அந்தச் சாமிக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதை ஊர் மறப்பதும் இல்லை. படங்களில் காணாமல் போனது அந்த நினைவுதான்.

அப்போ 'காஞ்சனா 4' என்ன செய்யணும்?

தொடர்ச்சி வேண்டுமென்றால் அதற்கான கதை 2011 படத்திலேயே இருக்கிறது. காஞ்சனா கனவு கண்ட மருத்துவமனை இன்று எப்படி இருக்கும்? அங்கே ஒரு திருநங்கை டோக்கன் போடப் போனால் மரியாதையாக நடத்துவார்களா? 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துவிட்டது. 2019-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் 2020-ல் 'காஞ்சனா'வின் இந்தி ரீமேக்கான 'லக்ஷ்மி'யிலும் அந்தத் திருநங்கை வேடத்தில் நடித்தது ஆண் நடிகர்தான். இந்த முறை ஒரு திருநங்கைக்கே அந்த இடத்தைக் கொடுத்தால், அது உண்மையான தொடர்ச்சியாக இருக்கும்.

புதுக்கதை என்றாலும் தப்பில்லை. ஆனால் பிளாஷ்பேக்கை அழ வைப்பதற்கான அரை மணி நேரமாக மட்டும் வைக்கக் கூடாது. பேய் ஏன் வந்தது என்ற காரணம் வலுவாக இருந்தால்தான், அது கதவைத் தட்டும்போது தியேட்டரில் பயம் வரும். ராகவா அம்மாவைக் கூப்பிடும்போது சிரிப்பும் வரும்.