புள்ளி மட்டும் போதாது

2022-ல் மறைந்த பாப் புரூனிங்கா, வரைபடத்தில் கார் நகர்வதைப் பார்ப்பதற்காக மட்டும் ஏ.பி.ஆர்.எஸ். என்ற ஹாம் வானொலி முறையை உருவாக்கவில்லை. அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் பணியாற்றிய அவர், ஹாம் வானொலியர்கள் இருப்பிடத்தோடு வானிலை, குறுஞ்செய்தி, அவசரத் தகவல் எல்லாவற்றையும் ஒரே அலைவரிசையில் பகிர வேண்டும் என்று விரும்பினார். வட அமெரிக்காவில் அது 144.390 மெகாஹெர்ட்ஸ். காரிலுள்ள கருவி, ஜி.பி.எஸ். தரும் இடத்தை ஒரு நொடிக்குள் முடியும் கிர்ரென்ற ஒலியாக அனுப்பும்; குன்றின் மேலிருக்கும் டிஜிபீட்டர் அதை வாங்கி மறுபடி அனுப்பும். செல்போன் கோபுரம் சாய்ந்தாலும் இது வேலை செய்யும். ஆனால் பலர் வரைபடத்தில் தங்கள் இடத்தைக் காட்டும் புள்ளியைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஹாம் நண்பர்களே, செய்தி அனுப்பவும் இப்போதே பழகுங்கள். பேரிடர் நாளில் அதற்கு அவகாசம் இருக்காது.