பகலில் பரி, இரவில் நரி

எங்க ஊர்க் கதை எல்லோருக்கும் தெரியும். திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் பாண்டியனுக்கு மந்திரி. குதிரை வாங்கக் கொடுத்த அரசாங்கப் பணத்தைக் கோயில் கட்டச் செலவழித்துவிட்டார். சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். பகலில் லாயத்தில் கனைத்து நின்றவை ராத்திரியில் மறுபடியும் நரிகளாகி, இருந்த குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடிப்போயின. எங்க அம்மாச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது பக்தி கிக்தி எதுவும் இருக்காது. "அவுக நரிய வித்தா திருவிளையாடல், நாம கோழிய வித்தாக்கூடக் களவு"ம்பாள். மதுரைப் புறநகரில் வாடகைக்குக் குடியிருக்கிற எனக்கு இந்தக் கதை அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

இதை எழுதக் காரணம் ஒரு கல்லூரித் தோழர். வாசிப்புக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது பட்டென்று கேட்டார். "தோழர், சேரியப் பத்தி இவ்வளவு கவிதை எழுதுறீங்க. நீங்க ஏன் சேரியில இல்ல?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பேங்க் கிளார்க்குக்கு அது ஒன்றுதானே தெரியும்! ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்தைவிட்டு வந்ததற்காக நான் வெட்கப்படவில்லை. கிராமம் நமக்கு ஒன்றும் தாய்மடி இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமங்களே இந்தியாவின் ஆன்மா என்று மற்றவர்கள் உருகிக்கொண்டிருந்தபோது, அதை அறியாமையும் குறுகிய புத்தியும் குடியிருக்கும் இடம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அம்பேத்கர். அதற்கு ஆறு வருசம் முன்னால் 1942-இல் நாக்பூர் மாநாட்டில் தீண்டத்தகாத மக்களுக்குத் தனிக் குடியிருப்புகள் கேட்டுத் தீர்மானமே போட்டார்கள். எங்க பக்கத்துக்கு இதெல்லாம் ஏட்டுப் படிப்பும் இல்லை. மேலூரைத் தாண்டி மேலவளவு. 1996-இல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசன் மதுரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு, 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அவரையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிப்போட்டார்கள். மதுரைக்குப் போய் மனுக் கொடுக்கலாம். திரும்பி வந்து உயிரோடு இருக்க முடியாது. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். டவுனுக்குப் போன பஸ்ஸிலிருந்து திரும்பாமல் இறங்கிக்கொண்டவர்களை ஓடிப்போனவர்கள் என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை.

1999-இல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வந்தது. 2004 ஜூலையில் உயர்நீதிமன்றக் கிளை வந்தது. பிறகு இலந்தைக்குளம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள். யானைமலை அடிவாரத்திலிருந்து மேலூர் ரோட்டில் இரண்டு பக்கமும் கலர்க் கொடிகளும் எல்லைக் கற்களும் நட்டுக்கொண்டே போனார்கள். இந்த வளர்ச்சியால் நமக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். என் சித்தப்பா பிள்ளைகள் கொத்து வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு. களத்துமேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நெல்லுக்கு நின்ற எங்க அய்யாவின் முதுகு அவர்களுக்கு இல்லை. நான் செருப்புக் காலோடு தெருவில் நடக்கிறேன். டீக்கடையில் எனக்கென்று தனிக் கிளாஸ் இல்லை. என் பொண்டாட்டியை "ஏ புள்ள, இங்க வா" என்று கூப்பிட எவனுக்கும் தைரியம் இல்லை. வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வருகிறது. குழாயைத் திறந்து பாத்திரம் கழுவும்போது அவள் முகத்தில் இருக்கிற நிம்மதியை எந்தச் சித்தாந்தத்துக்காகவும் நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

இதெல்லாம் பகல். ராத்திரிக்கு வருவோம்.

வீடு பார்க்கப் போனால் யாரும் சாதியைக் கேட்பதில்லை. படித்தவர்கள், நாகரிகமானவர்கள். ஊரைத்தான் கேட்பார்கள்.

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"மேலூர்ப் பக்கம்ங்க."

"மேலூர்ல எங்கன?"

"திருவாதவூர்."

"அடடா, மாணிக்கவாசகர் ஊரு! அங்க எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். "அப்பிடியா. வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி." வீட்டில் இருந்த அந்த அம்மாதான் எனக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தது, சிரித்த முகமாக. அந்த அம்மாவிடம் அவர் எதையும் கேட்டிருக்கமாட்டார். இப்படி ஏழு வீடு. எட்டாவது வீட்டில், எந்தத் தெரு என்று கேட்டபோது, என் வாய் தானாகச் சொன்னது: "கோயிலுக்குப் பக்கத்துல." வீடு கிடைத்துவிட்டது.

1917-இல் அம்பேத்கர் அமெரிக்காவில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போனார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதிக்கொள்வதென்றால் தங்கலாம் என்றார்கள். எழுதினார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு வந்து நின்றார்கள். ஒரு இந்து நண்பர், ஒரு கிறித்தவ நண்பர், இரண்டு பேரும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். காமாட்டி பாக் என்கிற பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். நூறு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது தடியோடு யாரும் வருவதில்லை. பதிவேட்டில் பொய்ப் பெயர் எழுதுகிற வேலையை மட்டும் நாம் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955-இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், நான்காவது பிரிவு. எந்தப் பகுதியிலும் குடியிருக்க வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியேறுவதையோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியத்தை எந்த ஸ்டேஷனில் எழுதி வாங்குவார்கள்?

பொய் சொல்லி வாங்கிய வீட்டுக்கு வாடகை மாசம் ஒருமுறை மட்டும் கொடுப்பதில்லை. ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் வருவார். ஒருநாள் அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும், முன்னறையில் இருந்த அம்பேத்கர் படத்தை நானே கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அவர் போனபிறகு என் மகள், "அப்பா, தாத்தா படம் எங்க?" என்றாள். இதே பத்திரிகையில் அதே மாசம் என் கவிதை வந்திருந்தது. என்ன மாதிரிக் கவிதை என்று உங்களுக்கே தெரியும். பறையடித்து விடியலைக் கூப்பிடுகிற கவிதை.

எங்க ஆத்தா ஒரு தீபாவளிக்கு வந்து இரண்டு நாள் இருந்தது. வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் பேசியது. ஊர், உறவு என்று ஒவ்வொன்றாக விசாரித்தது. ஆத்தாவுக்குப் பொய் சொல்ல வராது. வெத்தலையைக் குதப்பிக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு வருவதே இல்லை. கூப்பிட்டால், "நான் வாயத் தொறந்தா ஒன் வீடு போயிரும்யா. எனக்கெதுக்கு அங்கன சோலி" என்கிறது. மாணவத் தோழர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை.

நகரமானால் சாதி கரைந்துவிடும் என்று நம் இடதுசாரித் தோழர்கள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எங்கே கரைகிறது? நான் பேங்க்கில் வீட்டுக்கடன் தாள்களைப் புரட்டுகிறவன். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரைபடம். ஒரு மனைக்கு நான்கெல்லை எழுதும்போது ஒரு பக்கம் 'ஆதிதிராவிடர் காலனி' என்று வந்துவிட்டால் சென்ட் விலை இறங்கிவிடும். மண் அதே மண், தண்ணீர் அதே தண்ணீர்தான். வேடிக்கை என்னவென்றால் டவுனுக்குள் காலனி என்றால் ஆபீசர்கள் இருக்கும் இடம். கிராமத்தில் காலனி என்றால் சேரி. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது, போகட்டும். பெயரை எடுத்த பிறகு விலை ஏறுகிறதா என்று நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

காலனியைத் தொட்டுக்கொண்டு மனை போடும்போது சுற்றுச்சுவர்தான் முதலில் எழும்புகிறது. உத்தப்புரத்தில் 1989-இல் கட்டிய சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாசம் வரை போராட வேண்டியிருந்தது. ஆனாலும் அதைத் தீண்டாமைச் சுவர் என்று நாட்டுக்குக் காட்ட முடிந்தது. புறநகரில் அதே சுவருக்குப் பெயர் 'பாதுகாப்பு'. 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு பெரிய வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, பக்கத்துக் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த 17 தலித்துகள் செத்துப்போனார்கள்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி, இலந்தைக்குளம். மதுரையின் விரிவு முழுக்கக் குளத்துப் பெயர்தான். நரியைப் பரியாக்குவது போலக் கண்மாயை மனையாக்குகிறார்கள்; ஐப்பசி மழையில் மனை மறுபடியும் கண்மாயாகிறது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உயர்நீதிமன்றம் தடை போட்டது. மறுவருசமே வரன்முறைப்படுத்த விதிகள் வந்துவிட்டன. நம்ம ஆட்களும் சீட்டுப் பிடித்து, நகையை வைத்து, இந்த ஈர மனைகளை வாங்கியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 1892-இல் நமக்கென்று ஒதுக்கின பஞ்சமி நிலம். பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதற்கு மேல் விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அதை மீட்கப் போன ஜான் தாமசும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இன்றைக்கு அந்தச் செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் சென்னையின் புறநகர்.

இன்னொன்று. பாதாளச் சாக்கடை வந்து சேராத நகரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க். அது நிரம்பினால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? மனிதரை இறக்கக்கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்தாயிற்று. 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில் கழிவுநீரேற்று நிலையக் கிணற்றில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் செத்தார்கள். எங்க தெருவுக்கு லாரியோடு வந்த தம்பி குடிக்கத் தண்ணீர் கேட்டான். எதிர்வீட்டில் பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுத்து, "நீயே வச்சுக்கப்பா" என்றார்கள். நான் சொம்பில் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

ஆகையினால் மாணவத் தோழருக்கு நான் சொல்வது: சேரிக்குத் திரும்பு என்று யாருக்கும் நான் உபதேசம் செய்யமாட்டேன், ஹாஸ்டலில் இருந்துகொண்டு நீங்களும் செய்யாதீர்கள். புறநகருக்குப் போக வேண்டும். ஆனால் ஒவ்வொருத்தரும் தனியாக, பெயரை மாற்றிக்கொண்டு, படத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் போகிற இந்தப் போக்கு, நம் ஆத்தாக்களை ஊரில் ஊமையாக விட்டுவிட்டுப் போகிற போக்கு. திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் 1998-இல் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். நூறு வீட்டில் நாற்பது நமக்கு. அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. என்றாலும் அங்கே வீட்டுக்காரர் என்று ஒருவர் நடுவில் நின்று "எந்தத் தெரு" என்று கேட்கவில்லை. அவரவர் இன்னார் என்று தெரிந்தே குடிவந்தார்கள். அதை அரசாங்கம் செய்தால்தான் உண்டு என்பதில்லை.

நாங்கள் நாலு பேர், இரண்டு வாத்தியார், ஒரு நர்ஸ், நான், சேர்ந்து மனை பார்த்திருக்கிறோம். காலனியை ஒட்டின மனை. அதனால் விலை குறைச்சல். நான்கெல்லையில் மேற்கே காலனி என்று எழுதத்தான் செய்வார்கள், எழுதட்டும். என் பொண்டாட்டிக்கு இஷ்டமில்லை. "அங்கயிருந்து தப்பிச்சு வந்து மறுபடியும் அங்கனயேவா?" என்று இரண்டு நாளாகப் பேசவில்லை. அவள் பயம் எனக்குப் புரிகிறது. குழாய்த் தண்ணீர் அங்கேயும் வரும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஆத்தாவிடம் சொன்னேன். சந்தோசப்படவும் இல்லை, வேண்டாமென்றும் இல்லை. "அந்தச் சனம் பொணம் தூக்கிட்டுப் போற பாத எங்கிட்டு இருக்கு? பாத்தியா?" என்று கேட்டது. எனக்கு அது தோன்றவே இல்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பாதை இல்லை. தலைமுறை தலைமுறையாக வரப்பில் நடந்து போயிருக்கிறார்கள். வரப்புக்கு நில அளவைக் கணக்கில் பெயர் கிடையாது. இப்போது வரப்பு இருந்த இடத்தில் 11, 12, 13 ஆம் நம்பர் மனைகள். அதில் 12 நான் பார்த்து வைத்தது.

பாதைக்கு இடம் விட்டு வரைபடத்தைத் திருத்தச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். நான்தான் எழுதினேன்; கவிதையைவிடக் கஷ்டமாக இருந்தது. காலனியில் எழுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மனை வாங்க இருப்பவர்களில் நாங்கள் நாலு பேர். ஏற்கெனவே வீடு கட்டிக் குடிவந்த ஒன்பது குடும்பங்களிடமும் போய்க் கேட்டாயிற்று. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.