அயோவாவில் ஜெயித்தது யார்?

2020 பிப்ரவரி 3ந் தேதி இரவு. ஜனாதிபதி அபேட்சகரைப் பொறுக்க, அமெரிக்காவின் அயோவா ராஜ்யத்தில் ஜனநாயகக் கட்சியார் ஊரூராகக் கூடினர். பொழுது விடிந்தும் முடிவு வரவில்லை. கணக்கனுப்பும் கைபேசிச் செயலி பழுதாம்! ஒரு கணக்கும் வெளிவராத அந்த ராத்திரியே பூட்டிஜெஜ் வெற்றி முழக்கமிட்டுவிட்டார்.

பத்திரிகைகள் செயலியைத் திட்டின. திட்டட்டும். செயலி ஒழுங்காக ஓடியிருந்தால் மட்டும் கணக்கு நேராகியிருக்குமா? முதல் சுற்றில் சாண்டர்ஸுக்குச் சுமார் 6,000 பேர் அதிகம். இரண்டாம் சுற்றிலும் அவரே முன். கடைசியில் கிடைத்த பிரதிநிதிகளோ பூட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12! ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை பங்கென்று முன்கூட்டியே பிரித்தாயிற்று. கூட்டம் இரண்டு மடங்கு திரண்டிருந்தாலும் அந்த வட்டாரத்தின் பங்கு கூடியிருக்காது.

அப்போது ரகசிய ஓட்டும் இருக்கவில்லை. இரவு ஏழு மணிக்கு நேரில் வந்து, நாலு பேர் பார்க்க, தன் அபேட்சகர் பக்கம் போய் நிற்கவேண்டியிருந்தது. மேஸ்திரியும் அங்கே இருந்திருக்கலாம். ராத்திரி ஷிப்டுக்காரன் கதி? சில இடங்களில் தனிக் கூட்டம் அனுமதித்தார்கள். ஒட்டும்வா நகரில் பன்றி இறைச்சி ஆலைத் தொழிலாளர் சிலர் பகலிலேயே சங்கக் கட்டிடத்தில் கூடினர். அநேகமாக எல்லோரும் சாண்டர்ஸ் பக்கமே நின்றனர். தபாலில் சீட்டனுப்பும் வழி அங்கே 2024இல்தான் வந்தது.