மேல்மடையும் கடைமடையும்

2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரத்துக்கு லட்சக்கணக்கானோர் படித்துறைகளில் திரண்டார்கள். ஆரத்தி எடுத்த அந்தத் திரள், நெல்லை மாநகரின் சாக்கடை ஆற்றில் விழுவதைத் தடுக்கவும் திரள வேண்டும். பரிகாரம் முடித்தவர்கள் பாபநாசத்தில் ஆற்றோடு விடும் துணிகள் பாறையிடுக்குகளில் சிக்கி அழுகுகின்றன. இதைப் பக்தி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும் இந்த ஆறு ஒரு சமயத்தாருக்கு மட்டும் சொந்தமில்லை. குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சூழ்ந்து ஓடும் ஆறுதான் மேலப்பாளையத்தின் தாகத்தைத் தீர்க்கிறது, புன்னைக்காயல் மீனவர்களின் முகத்துவாரமும் ஆகிறது. ஆனால் நாமோ, கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும் எட்டு அணைக்கட்டுகளிலும், தண்ணீர் குறைந்தால் மேல்மடை, கடைமடை என்று பிரிந்து நிற்கிறோம்.

கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகளும் விவசாயிகளும் மீனவர்களும் ஒன்றாக உட்கார வேண்டும். மாநகராட்சியிடமும் கரையோர உள்ளாட்சிகளிடமும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: சுத்திகரிக்காத கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றுக்கு வரக்கூடாது. அதன்பின் மணல் கொள்ளை, அமலைச்செடி, ஸ்ரீவைகுண்டம் அணையில் சேரும் வண்டல் ஆகியவற்றைப் பேசலாம்.