சுராங்கனியும் நாங்களும்

ஆண்டு விழா நெருங்கிவிட்டால் எங்கள் வகுப்பில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். சினிமாப் பாட்டுக்கு ஆட வேண்டும் என்பது எங்கள் கட்சி. கும்மியும் கோலாட்டமும் போதும் என்பது அருட்சகோதரிகளின் கட்சி. சென்ற ஆண்டு ஒரு பாட்டுக்குப் பத்து நாள் பயிற்சி செய்த பிறகு, அதில் ஒரு வரி சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அழுதோம். ஆனால் அந்த வரியை அப்பாவின் முன்னால் உரக்கப் பாடுவோமா என்று எங்களையே கேட்டுக்கொண்டபோது, மாட்டோம் என்றுதான் பதில் வந்தது.

மூன்றாவது வழி ஒன்று இருப்பது கருவேப்பிலங்குறிச்சியில் தெரிந்தது. தோழி ஒருத்தியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவளுடைய தாத்தா விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். அந்நாளில் மாலை வேளைகளில் இலங்கை வானொலிதான் தமக்குத் துணை என்று கூறி, பரணிலிருந்து பழைய ஒலிநாடா ஒன்றை எடுத்துத் தந்தார். நாடா சிக்கிக்கொண்டது. பென்சிலால் சுற்றிப் பார்த்தும் பயனில்லை. அட்டையில் இருந்த பாட்டுகளைக் கைப்பேசியில் தேடிக் கேட்டோம். எங்களுக்கு முன்பே தாத்தா தாளம் போடத் தொடங்கிவிட்டார்!

அவை இலங்கைத் தமிழரின் ‘பொப்பிசை’ப் பாட்டுகள். 1970களில் அங்கே புதிய அலையாகப் பரவியவை. ஏ.ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ என்ற பாட்டில் இருப்பதெல்லாம் ஒரு பெண்ணும் அவளுக்காகக் கொண்டுவந்த மீனும்தான். அது கடல் தாண்டி வந்து, 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் இடம்பெற்றது. தமிழகத்தில் ‘சிலோன் மனோகர்’ என்று அறியப்பட்ட அவர் 2018இல் சென்னையில் காலமானார். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டோ, மாமியின் மகள் எங்கே, படிக்கப் போனாளா என்று விசாரிக்கிறது. படிக்கப் போகும் பெண்ணுக்கும் ஒரு பாட்டு உண்டென்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவருடைய இன்னொரு பாட்டு, கள்ளுக்கடைப் பக்கம் போக வேண்டாம் என்று கெஞ்சுகிறது. முதலில் சிரித்துக்கொண்டே கேட்டோம். பாதியில் எங்களில் ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு யாருமே சிரிக்கவில்லை. மாதச் சம்பளம் முழுதாக வீடு வந்து சேராத வீடுகள் எங்கள் வகுப்பிலும் உள்ளன. அப்பாவிடம் நேரில் சொல்ல முடியாததை மேடையிலிருந்து, தாளத்தோடு, முப்பது பேராகச் சொல்லலாம் அல்லவா? பெற்றோர் வரிசையில் அவரும் உட்கார்ந்திருப்பார். சினிமாப் பாட்டு எதிலும் எங்களுக்கு இந்த வசதி கிடைத்ததில்லை.

இது மேல்நாட்டுக் கூத்து என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், இதன் துள்ளலில் பைலாவின் சாயல் இருக்கிறது. பைலா, 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற ஆட்ட இசை. ஆனால் நம் காலை வழிபாட்டில் வாசிக்கும் ஹார்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்ததுதானே! அதை வெளியே எடுத்து வைக்கச் சொல்வார் யாருமில்லை.

1983 கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பலர் நாடு நாடாகச் சிதறினர். பாட்டுகளும் அவர்களோடு சென்றன. நித்தி கனகரத்தினமும் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். 2021இல் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யை இங்கே மனப்பாடமாகப் பாடாதவர் இல்லை. அதுவும் சினிமாப் பாட்டன்று; இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களின் நினைவைச் சுமப்பது. புதிது என்று நாங்கள் கொண்டாடிய தனிப்பாட்டுக்குத் தாத்தா காலத்திலேயே உறவினர் இருந்திருக்கிறார்கள்.

ஆகவே இவ்வாண்டு சினிமாப் பாட்டும் வேண்டாம், பழைய பாட்டை அப்படியே பாடவும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதே துள்ளலில் நம் ஊர்ச் சொற்களைப் போட்டுப் பாடுவோம். களிமண், சூளை, அகல் விளக்கு, கூட்டத்தைக் கண்டால் நிற்காமல் போகும் காலைப் பேருந்து, எல்லாம் இருக்கின்றன. எட்டு அடிகள் எழுதிவிட்டோம். மதுக்கடை பற்றிய அடி மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. கோயில் பாடற்குழுவில் கிட்டார் ஒன்று உறைக்குள் சும்மா இருக்கிறது. அதன் சாவி எந்தச் சகோதரியிடம் இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும்.