‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்றால் ஏன் சிரிக்கிறார்கள்? புன்னைக்காயலில் இருக்கிறது பதில்!

கப்பல் வேலைக்கான இன்டர்வியூவுக்குத் தயாராகும் ஒரு தம்பி, போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஊர் தூத்துக்குடி பக்கம். “அக்கா, எனக்கு வார்த்தை எல்லாம் தெரியுது. போன இன்டர்வியூல கேள்வி புரியலைன்னு ‘சார், ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் மீ’ன்னு சொன்னேன். உட்கார்ந்திருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் வாயே திறக்க வரலை. அதுல என்னக்கா தப்பு?”

தம்பி, இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். டிப்ளமோ படிக்கும்போது ஓர் அலுவலகத்துக்கு ‘ப்ளீஸ் சஜெஸ்ட் மீ’ என்று மெயில் அனுப்பினேன். ‘எனக்கு யோசனை சொல்லுங்கள்’ என்பதுதான் என் மனதில் இருந்தது. ‘உங்களை எந்தப் பதவிக்குப் பரிந்துரைக்க வேண்டும்?’ என்று ஒருவரி பதில் வந்தது. கிண்டலா, உண்மையாகவே கேட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால், அந்த வாக்கியத்துக்கு அதுதான் அர்த்தம்.

ஏன் இப்படி ஆகிறது? தமிழில் ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்பதை அதன் வால் சொல்லிவிடும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அந்த வேற்றுமை உருபுகள்தான் வால். ‘அண்ணன் தம்பியை அடித்தான்’ என்றாலும், ‘தம்பியை அண்ணன் அடித்தான்’ என்றாலும் அடி வாங்கியது தம்பிதான். ‘ஐ’ அவனோடு ஒட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகும்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அந்த வால் இல்லை. உட்காரும் இடம்தான் அடையாளம். வினைச்சொல்லுக்கு முன்னால் இருந்தால் அடித்தவர், பின்னால் இருந்தால் அடி வாங்கியவர். இடம் மாறினால் கேஸே மாறிவிடும்.

இங்கேதான் புன்னைக்காயல் வருகிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர். 1540களின் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்ரீக்கே ஹென்ரீக்கஸ், நம் ஆட்கள் சொல்லும் பெயரில் அண்ட்ரிக் அடிகளார், வருடக்கணக்கில் வாழ்ந்தது இந்தக் கடற்கரையில்தான். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான ‘தம்பிரான் வணக்கம்’ இவருடையது. 1578 அக்டோபர் 20-ம் தேதி கொல்லத்தில் அச்சானது, வெறும் 16 பக்கம்.

அச்சுக் கதை பலருக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. அவருக்கு இருந்தது நம் தம்பியின் பிரச்னையேதான், திசை மட்டும் நேர் எதிர். ஆரம்பத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் மக்களிடம் பேசினார். பிறகு தானே உட்கார்ந்து தமிழ் படித்தார். எப்படிப் படித்தார் என்று 1548-ல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். இறந்தகாலம், எதிர்காலம் எப்படி வருகிறது, வேற்றுமைகள் எப்படி வருகின்றன, வாக்கியத்தில் எது முதலில் வர வேண்டும் என்றெல்லாம் ஒரு முறை வகுத்துக்கொண்டாராம். அந்தக் குறிப்புகள் வளர்ந்து, போர்ச்சுகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கண நூலாக ஆனது. கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹெய்ன், வி.எஸ்.ராஜம் இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2013-ல் ஹார்வர்ட் வெளியீடாக வந்தது.

இன்னொரு விஷயம். புன்னைக்காயலில் இருந்த பாதிரியார்கள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும், போர்ச்சுகீசியத்தில் பேசினால் தண்டனை என்று ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். தமிழில் பேசினால் ஃபைன் போடும் பள்ளிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதைப் படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

மொழி படிக்கும்போது பெயர்ச்சொற்கள் பெரிய தொல்லை இல்லை. மேசை, சாவி, அலமாரி, சன்னல், எல்லாம் போர்ச்சுகீசியரோடு வந்து இறங்கி நம் வீட்டுச் சொற்களாகிவிட்டன. வினைச்சொல்தான் வம்பு. ஒவ்வொரு வினையும் தன் பக்கத்தில் யாரை, எப்படி உட்கார வைப்பது என்று தனிப் பிடிவாதம் வைத்திருக்கிறது.

கயிறு அறுந்தது, கயிற்றை அறுத்தான். தானாக நடந்தால் ஒரு வடிவம், ஒருவர் செய்தால் இன்னொரு வடிவம். மூழ்கியது, மூழ்கடித்தது. உடைந்தது, உடைத்தது. நமக்கு வினைச்சொல்லே மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘த ரோப் ப்ரோக்’, ‘ஹி ப்ரோக் த ரோப்’. வினை ஒன்றுதான், கயிறு மட்டும் முன்னாலிருந்து பின்னால் போய்விட்டது.

அடுத்து ‘எனக்கு’. எனக்கு மீன் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு ரெண்டு பிள்ளைங்க. இத்தனை ‘கு’வும் ஆங்கிலத்துக்குப் போனதும் ‘ஐ’ ஆகிவிடும். ஐ லைக் ஃபிஷ், ஐ நோ, ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹாவ் டூ சில்ட்ரன். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு இழுவைப் படகு வேண்டுமென்றால் ‘ஐ ரிக்வயர் எ டக்’. இது நான் சும்மா போட்ட உதாரணம் இல்லை தம்பி. கப்பல்களுக்கு இடையில் குழப்பமில்லாமல் பேச சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட வாக்கியத் தொகுப்பில் இந்த அமைப்பு இருக்கிறது. ‘ரிக்வயர் ஃபார்’ கிடையாது. வினைக்குப் பின்னால் நேராகப் பொருள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘கிவ் மீ த கீ’ சரி. ‘டெல் மீ’ சரி. ‘ஷோ மீ’, ‘சென்ட் மீ’ எல்லாம் சரி. அப்புறம் ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ மட்டும் ஏன் தப்பு? கிவ், டெல், ஷோ, சென்ட் எல்லாம் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளைகள். ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து உட்கார வைக்கும். எக்ஸ்ப்ளெய்ன், சஜெஸ்ட், டிஸ்க்ரைப், மென்ஷன் எல்லாம் லத்தீன் வழி வந்த மருமக்கள். பொருளை மட்டும்தான் பக்கத்தில் சேர்க்கும். ஆள் வர வேண்டுமென்றால் ‘டு’ பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’. இதற்கும் விதிவிலக்கு உண்டு. ‘ப்ராமிஸ்’ லத்தீனில் இருந்து வந்தாலும் ‘ப்ராமிஸ் மீ’ சரிதான். எனவே, இதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘எனக்கு’ என்ற தமிழ் மனதில் ஓடுவதால் ‘மீ’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘அதை’ என்பதை நாம் சொல்வதே இல்லை, அதனால் ‘இட்’ காணாமல் போகிறது. “கொடுத்தியா?” “கொடுத்தேன்.” தமிழில் பேச்சு முடிந்தது. யாருக்கு, எதை என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ‘ஐ கேவ்’ என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவர் மிச்ச வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். ‘ஐ கேவ் இட் டு ஹிம்’ என்று முடித்தே ஆக வேண்டும்.

நான் சப்-எடிட்டர்களிடம் அதிகம் திட்டு வாங்கியது ‘டிஸ்கஸ் அபவுட்’டுக்குத்தான். ‘பற்றி’ என்று தமிழில் வருவதால் ‘அபவுட்’ தானாக விழுகிறது. ‘டிஸ்கஸ் த ப்ராப்ளம்’ போதும். ‘தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தேன்’ என்பதால் ‘ரீச்ட் டு தூத்துக்குடி’ வருகிறது. அங்கேயும் ‘டு’ வேண்டாம். நேர்மாறாக, ‘பாட்டைக் கேட்டேன்’ என்று நாம் ‘ஐ’ போடும் இடத்தில் ஆங்கிலம் ‘லிஸன் டு’ கேட்கிறது. அபூர்வமாக ரெண்டு மொழியும் ஒத்துப்போவதும் உண்டு. அவருக்காகக் காத்திருக்கிறேன், ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் ஹிம்’.

இதை எல்லாம் எப்படி நினைவில் வைப்பது என்றால், வினையைத் தனியாகப் படிக்காதீர்கள். ஏ.எஸ்.ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் பாடம் நடத்தியபோது மாணவர்கள் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்தார். 1942-ல் டோக்கியோவில் வெளிவந்த அவர் குழுவின் அகராதி, வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்துக் காட்டியது. இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழி வந்ததுதான். அர்த்தத்தைப் பார்த்ததும் மூடிவிடாமல், கீழே இருக்கும் உதாரண வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதுங்கள். ‘எக்ஸ்ப்ளெய்ன் = விளக்கு’ என்று எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். ‘எக்ஸ்ப்ளெய்ன் சம்திங் டு சம்படி’ என்று எழுதுங்கள்.

தம்பி, அடுத்த இன்டர்வியூவில் கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். ‘சார், குட் யூ ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் தட் டு மீ?’ பதற்றத்தில் ‘டு’ விட்டுப்போனாலும் வாயை மூடிவிடாதீர்கள், அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். முடிந்ததும் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்.